பவளத் தொட்டிக்குப் பம்ப்: ஜெலுத்தோங் வீட்டில் சில ஆண்டு அனுபவம்

பவளம் வளர்க்கும் என் உப்புநீர்த் தொட்டி 120 சென்டிமீட்டர் நீளம், 50 அகலம், 50 உயரம். கணக்குக்கு 300 லிட்டர். கீழே அலமாரிக்குள் சம்ப், அதாவது நீரைச் சுத்தம் செய்யும் கருவிகள் இருக்கும் துணைத் தொட்டி. பினாங்கு, ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டின் கூடத்தில், படுக்கையறைச் சுவரை ஒட்டி நிற்கிறது. தோல் பவளம், டார்ச், ஹேமர், மொன்டிபோரா, பாறை உச்சியில் இரண்டு அக்ரொபோரா என்று பல பவள வகைகள் சில ஆண்டுகளாக வளர்ந்து வருகின்றன. விளக்கைப் பற்றியும் உப்பைப் பற்றியும் நம் நண்பர்கள் மணிக்கணக்காகப் பேசுவார்கள். பம்ப் என்றதும் "எத்தனை லிட்டர்?" என்ற ஒரே கேள்வியோடு பேச்சு முடிந்துவிடும். எத்தனை உயரத்துக்கு, எந்தக் குழாய் வழியாக, எந்த வேலைக்கு என்று கேட்டால்தான் பணம் வீணாகாமல் இருக்கும்.

தொட்டியில் பம்புக்கு இரண்டு வேலைகள் உண்டு. சம்பிலிருந்து நீரை மேலே ஏற்றுவது ரிட்டர்ன் பம்பின் வேலை. தொட்டிக்குள் நீரைச் சுழற்றுவது வேவ்மேக்கரின் வேலை. ஒரு பெரிய ரிட்டர்ன் பம்பை வைத்து இரண்டையும் முடித்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மருக்கும் நீரைக் குளிர்விக்கும் சில்லருக்கும் போதிய நீர் போய் வந்தால் சம்பின் தேவை தீர்ந்தது. மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப் போல ஐந்து மடங்கு அதற்கு நிறைவான அளவு. அதற்கு மேல் ஏற்றினால் மேல்நீர் சம்புக்கு வழிந்து இறங்கும் வழிவாய்க் குழாய் இரையும், சம்பில் நுண்குமிழிகள் பெருகிக் கண்ணாடிக்குள் வந்து சேரும், மின்கட்டணமும் ஏறும்.

ஐந்து மடங்கு என்றால் எனக்கு மணிக்கு 1,500 லிட்டர். நான் வாங்கியது இத்தாலியின் சிச்சே நிறுவனம் செய்யும் சின்க்ரா 3.0. மணிக்கு 2,700 லிட்டர், அதிகபட்ச ஏற்றம் 3 மீட்டர், 45 வாட் என்பது அதன் குறிப்பு. அந்த 2,700 லிட்டர், நீரை மேலே தூக்கும் சுமையே இல்லாதபோது கிடைப்பது. 3 மீட்டர் உயரத்தில் கிடைப்பது பூஜ்யம். நீர் குழாயில் அதுவரை ஏறி நின்றுவிடும், வெளியே விழாது. நம் தொட்டிகளில் சம்பின் நீர்மட்டத்திலிருந்து மேல்விளிம்பு வரை ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் வரும். ஆகவே வாங்கும் முன் பார்க்க வேண்டியது, உயரம் ஏற ஏற நீரளவு எப்படிக் குறைகிறது என்று காட்டும் வரைபடம். நல்ல தயாரிப்பாளர்கள் அதைப் பெட்டியிலோ கையேட்டிலோ தருகிறார்கள். தராத பம்பை நான் கையில் எடுப்பதில்லை.

உயரத்தோடு குழாயின் உராய்வும் சேரும். அதே அளவு நீரைப் பாதி விட்டமுள்ள குழாயில் தள்ளினால் உராய்வினால் வரும் அழுத்த இழப்பு சுமார் 30 மடங்காகும். பலரும் பம்பின் வாய் எவ்வளவோ அவ்வளவுக்கே குழாய் வாங்கி நிறுத்திவிடுகிறார்கள். வாயை விட ஒரு படி பெரிய குழாய் போடுவது மிக மலிவான மேம்பாடு. நான் 25 மில்லிமீட்டர் பிவிசி போட்டு, 90 டிகிரி எல்போ (வளைவுத் துண்டு) வர வேண்டிய இடத்தில் இரண்டு 45 டிகிரித் துண்டுகளை வைத்தேன். பம்புக்கும் பிவிசிக்கும் இடையில் ஒரு சாண் நீளம் மென்மையான சிலிக்கான் குழாய். மோட்டாரின் முனகல் அலமாரிப் பலகைக்கு ஏறாமல் அது தடுக்கிறது. சுவருக்கு அப்பால் உறங்கும் என் தாயாருக்கு லேசான உறக்கம். பம்பின் சத்தத்தைப் பற்றி அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

பொருத்தி முடித்ததும் ரிட்டர்ன் குழாயின் வாயை 10 லிட்டர் வாளிக்குள் திருப்பி, நிரம்பும் நேரத்தைக் கைப்பேசியில் பாருங்கள். எனக்கு 25 வினாடி வந்தது. அதாவது மணிக்கு 1,440 லிட்டர். பெட்டியில் இருந்த எண்ணில் பாதிக்குச் சற்றே மேல். எனக்குத் தேவையானதும் ஏறக்குறைய அதுதான். இதே வாளிச் சோதனையை அவ்வப்போது செய்கிறேன். 30 வினாடியைத் தாண்டினால் பம்பைக் கழற்றிக் கழுவும் காலம் வந்துவிட்டது.

மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்பதும் இதே கணக்கில் அடங்கும். பம்ப் நின்றதும் ரிட்டர்ன் குழாயின் வாய் காற்றைத் தொடும்வரை மேல்நீர் கீழே இறங்கும். என் தொட்டியில் நீர்மட்டம் 3 சென்டிமீட்டர் இறங்கினாலே 18 லிட்டர். அத்தனையும் கொள்ளும் காலியிடம் சம்பில் எப்போதும் இருக்க வேண்டும். ஒருவழி வால்வை மட்டும் நம்பக் கூடாது. ஒரு சிறு நத்தை அதில் மாட்டினால் வால்வு மூடாது, நீர் தரைக்கு வரும்.

நம் ஊரில் வெப்பம் தனிப் பேச்சு. நீரில் மூழ்கி ஓடும் பம்ப் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் தொட்டியின் நீரில் வெப்பமாகவே சேர்கிறது. கூடத்தில் 30 டிகிரி இருக்கும்போது நீரை 26 டிகிரியில் வைக்கச் சில்லர் ஓடுகிறது. தேவைக்கு மேற்பட்ட பம்ப் வாங்கினால் அந்த வெப்பத்தை உண்டாக்க ஒருமுறை, அகற்ற ஒருமுறை என்று இரண்டு முறை காசு கொடுக்கிறோம். 45 வாட் பம்ப் 30 நாள் ஓடினால் 32 யூனிட். 80 வாட் ஆனால் 58 யூனிட், அதோடு சில்லரின் கூடுதல் உழைப்பும். குளிர்நாட்டுக்காரர்களின் பரிந்துரையை இங்கே அப்படியே எடுக்க முடியாததற்கு இது பெரிய காரணம்.

டிசி (நேர்மின்) பம்பா, ஏசி (மாறுமின்) பம்பா என்று கேட்பவர்களுக்கு: டிசி பம்ப் அமைதியானது, வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம், மின்சாரமும் குறைவு. என்னிடம் முன்பு ஒன்று இருந்தது. மோட்டார் நன்றாக இருக்கும்போதே கட்டுப்பாட்டுப் பெட்டி உப்பு ஈரத்தில் பழுதாகிவிட்டது. விற்ற கடையில் அந்தப் பெட்டி தனியாகக் கிடைக்கவில்லை. பட்டர்வொர்த்தில் நான் வழக்கமாகப் போகும் கடைப் பெரியவர், "பம்ப் வாங்கும் நாளிலேயே இம்பெல்லரையும் வாங்கிக்கொள் தம்பி, போன பிறகு தேடாதே" என்றார். இம்பெல்லர் என்பது பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் பகுதி. ரிட்டர்னுக்கு எளிய ஏசி பம்ப், அலமாரியில் ஓர் உதிரி இம்பெல்லர் என்பது இப்போது என் நிலைப்பாடு. தீபாவளிக்குச் சுங்கைப் பட்டாணி உறவினர் வீட்டில் இரண்டு நாள் தங்கும்போது இந்த எளிமை தரும் நிம்மதி பெரியது. டிசி வாங்குவதானால் கட்டுப்பாட்டுப் பெட்டியை அலமாரிக்கு வெளியே, தொட்டியை விட உயரத்தில் மாட்டுங்கள்.

சேமித்த பணத்தை வேவ்மேக்கரில் போடுங்கள். பவளம் பாறையில் ஒட்டியே வாழும் உயிர். அதன் தோலை ஒட்டி ஒரு மெல்லிய அசையா நீர்ப்படலம் இருக்கிறது. ஆக்சிஜனும் உணவும் அதைக் கடந்துதான் உள்ளே வர வேண்டும், கழிவும் அதைக் கடந்துதான் வெளியேற வேண்டும். ஓட்டம் வலுக்கும்போது அந்தப் படலம் மெலிகிறது. இரவில் பவளத்துக்குள் வாழும் பாசி ஆக்சிஜன் தருவதை நிறுத்திவிடும். அப்போது சுற்றியுள்ள நீர் ஒன்றே வழி. இரவில் வேவ்மேக்கரை அணைத்துவிடும் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்ப்பது இதனால்தான். வேகத்தைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள்.

என்னிடம் இருப்பவை ஜெபாவோவின் 24 வோல்ட் வேவ்மேக்கர்கள் இரண்டு, ஒவ்வொன்றும் மணிக்கு 6,000 லிட்டர் வரை. இரண்டும் முழு வேகத்தில் ஓடினால் கொள்ளளவைப் போல 40 மடங்கு. தோல் பவளமும் டார்ச்சும் மட்டும் இருந்த காலத்தில் பாதி வேகமே போதுமானதாக இருந்தது. அக்ரொபோரா வந்த பிறகு கூட்டினேன். மொன்டிபோரா தட்டுத்தட்டாக விரிந்து ஓட்டத்தை மறைக்கத் தொடங்கியதும் மறுபடியும் கூட்டினேன். இன்று வைக்கும் சிறு துண்டு நாளை ஒரு தடுப்புச் சுவராகும் என்பதை எண்ணி, பாதி வேகத்தில் போதுமான பம்பையே வாங்க வேண்டும். பணம் இருப்பவர்கள் எக்கோடெக்கின் வோர்டெக் வகையைப் பார்க்கலாம்; மோட்டார் கண்ணாடிக்கு வெளியே இருந்து காந்தத்தால் உள்ளே சுழற்றுகிறது. நம் வெப்பத்துக்கு மிகவும் பொருத்தமான அமைப்பு. கண்ணாடியின் தடிமன் எந்த மாடலுக்குப் பொருந்தும் என்று மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

லிட்டரை விட இடம் முக்கியம். இரண்டையும் இரு பக்கக் கண்ணாடிகளில் வெவ்வேறு உயரத்தில் வைத்து, மாறி மாறி வேகம் ஏறும்படி அமைத்திருக்கிறேன். இரு ஓட்டங்களும் நடுவில் மோதிச் சிதறுகின்றன. எந்தப் பவளத்தின் மீதும் நேர்க்கோட்டில் ஓட்டம் பாயக் கூடாது. அப்படித் தொடர்ந்து பட்டால் பவளத்தின் சதை அதன் சுண்ணாம்பு எலும்பை விட்டு உரிந்துபோகும். ஒன்றைச் சற்று மேல்நோக்கித் திருப்பி நீர்ப்பரப்பு சிலிர்க்கும்படி வைத்தால் காற்றுப் பரிமாற்றமும் நன்றாக நடக்கும். பாறைக்கும் பின்கண்ணாடிக்கும் இடையே ஒரு கை புகும் இடைவெளி விடுங்கள். தேங்கும் மூலை எது என்று அறிய, உறைநிலை மைசிஸ் இறாலைக் கரைத்து ஊற்றி அது எங்கே போய்ப் படிகிறது என்று பார்க்கிறேன். படியும் இடத்தில்தான் பிறகு சிவப்பு வழுவழுப்பான நுண்ணுயிர்ப் படலம் முளைக்கும்.

பிறகு பவளத்தையே பாருங்கள். டார்ச்சின் கரங்கள், கெடா வயலில் காற்று புகுந்த நெற்பயிர் போல ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்து மறுபக்கம் சாய வேண்டும். ஒரே பக்கம் படுத்துக் கிடந்தால் ஓட்டம் அதிகம். தோல் பவளம் மெழுகுபோன்ற மேற்படலத்தை உரிக்கும் நாட்களில் ஓட்டம் போதாவிட்டால் படலம் ஒட்டிக்கொண்டே நிற்கும். அக்ரொபோராவின் கிளையிடுக்குகளில் தூசி தங்கினால் இன்னும் வேகம் வேண்டும். மணலையும் மறக்காதீர்கள். சர்க்கரை போன்ற நுண்மணல் இந்த ஓட்டத்தில் நிற்காது. 2 முதல் 3 மில்லிமீட்டர் பருமன் உள்ளது நிற்கும்.

பராமரிப்பு எளிது. சுண்ணாம்புப் படிவும் இளஞ்சிவப்புப் பாசியும் பம்பின் வேகத்தைச் சத்தமில்லாமல் தின்றுவிடும். வேவ்மேக்கரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ரிட்டர்னை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றி, லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்த நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, பல்துலக்கியால் தேய்த்து, நல்ல நீரில் அலசுகிறேன். கேக் சாமான் விற்கும் கடைகளில் சிட்ரிக் அமிலம் மலிவாகக் கிடைக்கும். இம்பெல்லரின் காந்தம் உப்பியிருந்தாலோ அதில் வெடிப்பு தெரிந்தாலோ உடனே மாற்றிவிடுங்கள். உள்ளிருக்கும் உலோகம் உப்புநீரில் துருப்பிடிக்கத் தொடங்கிவிடும்.

இடி மழை நாட்களில் மின்கசிவுத் தடுப்பான் திடீரென்று விழுந்து மின்சாரம் நிற்பது பினாங்கில் எல்லா வீட்டுக்கும் பழக்கம். வெதுவெதுப்பான உப்புநீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். நீர் அசையாமல் நின்றால் மீன்கள் முதலில் திணறும். ஆகவே ஒரு வேவ்மேக்கரை மட்டும் அதற்கான பேட்டரிப் பெட்டியோடு இணைத்து, குறைந்த வேகத்தில் ஓடும்படி வைத்திருக்கிறேன். எல்லா வயர்களும் பிளக்குக்குப் போகும் முன் ஒருமுறை கீழே தொங்கி மேலேறும். வயர் வழியே வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். பம்ப் கழுவும் நாளிலேயே சுவர் சுவிட்சை அணைத்து, பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்றும் பார்த்துக் குறித்துவைக்கிறேன்.