சைகை மொழி: போனில் படிப்பதா, பக்கத்து மெஷினில் இருப்பவரிடம் படிப்பதா?

இலங்கையில் கல்முனைப் பக்கம் ஒரு தையல் நிலையத்தில் வேலை செய்கிறேன். எங்கள் அறையில் 16 மெஷின்கள். அதில் இரண்டில் தைப்பவர்களுக்குக் காது கேட்காது. ஒருவர் என்னைவிட மூத்த அக்கா, மற்றவள் தங்கச்சி வயதுக்காரி. ஐந்தாறு மாதம் சிரித்தும் விரலால் சுட்டியும் சமாளித்தேன். பிறகு முறையாகப் படிக்க வேண்டும் என்று தோன்றியபோது மூன்று வழி இருந்தது: போனில் வீடியோ பார்ப்பது, வகுப்புக்குப் போவது, இவர்களிடமே கேட்டுப் பழகுவது. மூன்றையும் செய்து பார்த்து, ஒன்றரை வருடமாக மூன்றாவதில் நிற்கிறேன்.

எழுதிக் காட்டினால் போதாதா என்று வீட்டில் கேட்டார்கள். அளவு, திகதி, எண்ணிக்கைக்குப் போதும். ஆனால் பிறவியிலேயே கேட்காதவருக்கு எழுத்துத் தமிழ் பெரும்பாலும் இரண்டாவது மொழி. நாம் காதால் பிடித்துக்கொண்ட உருபையும் விகுதியையும் அவர் கண்ணால் மட்டும் படிக்க வேண்டியிருக்கிறது. உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள் என்பதும் பாதி உண்மைதான். கண்ணாடி முன்னால் நின்று ‘பாடு’, ‘மாடு’ என்று சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். உதடு ஒரே மாதிரித்தான் அசையும்.

சரி, வீடியோ. காசில்லை, இரவு பத்து மணிக்கும் பார்க்கலாம், வேண்டிய தடவை ஓட்டிப் பார்க்கலாம். நான் தேடியதும் முதலில் வந்தவை அமெரிக்க வீடியோக்கள். இரண்டு மாதம் அதையே படித்தேன். சைகை மொழி உலகம் முழுக்க ஒன்றென்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. அமெரிக்காவும் பிரித்தானியாவும் ஆங்கிலம் பேசினாலும் அவற்றின் சைகை மொழிகள் வேறு வேறு. அமெரிக்கச் சைகையின் வேர் பிரான்சில் இருக்கிறது. 1817 இல் ஹார்ட்ஃபோர்டில் தொடங்கிய பாடசாலை வழியாக அங்கே போனது. அவர்கள் ஒரு கையால் எழுத்தைக் காட்டுவார்கள். பிரித்தானியாவிலும் இந்தியாவிலும் இரண்டு கையால். நான் படித்த எழுத்துகளைத் தங்கச்சியிடம் காட்டியபோது அவள் என் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்றும் விளங்கவில்லை.

வீடியோதான் வழி என்றால் இந்திய வீடியோ நல்லது. டெல்லியில் 2015 இல் தொடங்கிய இந்தியச் சைகை மொழி ஆய்வு, பயிற்சி மையம் 10,000 சொற்களுக்கான அகராதியை 2021 இல் வெளியிட்டது. ஆனாலும் அது இந்தியாவின் மொழி. நம் நாட்டுக்குள்ளேயே படித்த பாடசாலையைப் பொறுத்துச் சைகை மாறுகிறது. அக்கா யாழ்ப்பாணம் கைதடி நவீல்ட் பாடசாலையில் படித்தவர், தங்கச்சி மட்டக்களப்பில் படித்தவள். சில சொற்களுக்கு அவர்கள் இருவருக்குமே கை வேறு.

வகுப்பைப் பற்றி நான் அதிகம் சொல்லக்கூடாது. இரண்டு நாள் பட்டறை ஒன்றுக்குத்தான் போனேன். வணக்கம், நன்றி, எண்கள், கிழமைகள் என்று ஒழுங்காகச் சொல்லித் தந்தார்கள். ஆனால் அந்த அறையில் காது கேட்காதவர் ஒருவரும் இருக்கவில்லை. நீண்ட வகுப்பு வேறு மாதிரி இருக்கலாம்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது பதில்தான். கையைத் தூக்கி ஒன்றைச் சொல்வது ஒரு மாதத்தில் வந்துவிடும். எதிரே இருப்பவர் தன் வேகத்தில் பதில் சொல்லும்போது அதைப் பிடிப்பதுதான் பாடு. வீடியோவில் ஆசிரியர் ஒவ்வொரு சொல்லாக, நெஞ்சுக்கு நேரே, நிறுத்தி நிறுத்திக் காட்டுவார். அக்கா ஒரு கையில் கொலரைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் பாதிச் சைகையில் பேசுவார். நாம் அவசரத்தில் சொல்லை விழுங்குவது மாதிரிதான் அதுவும். அதைப் படிக்கக் கண் பழக வேண்டும். கண் பழக, பதில் சொல்லும் ஆள் வேண்டும்.

பிழையைத் திருத்தவும் ஆள் வேண்டும். ‘முடிந்தது’, ‘முடிந்ததா?’ இரண்டுக்கும் அவர்களிடம் கை ஒன்றுதான். புருவத்தை உயர்த்தினால்தான் கேள்வி. நான் முகத்தை அசைக்காமல் அக்காவிடம் கேட்டேன். பட்டன் ஓட்டை வேலை முடிந்துவிட்டது என்று நான் சொல்வதாக நினைத்து, அவர் ஒரு கட்டுச் சட்டையை அப்படியே அயனுக்கு அனுப்பிவிட்டார். அன்று பின்னேரம் என் புருவத்தைத் தன் விரலால் மேலே தள்ளிக் காட்டினார். வீடியோவிலும் அந்தப் புருவம் இருந்தது. நான் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், சொல்ல ஆளில்லை.

இந்த வழியிலும் குறை உண்டு. தேநீர் நேரம் அவர்களுடைய ஓய்வு நேரம். நாம் படிப்பதற்காக அதை முழுக்க எடுத்துக்கொள்ளக்கூடாது. அதனால் 10 நிமிடம்தான், அதுவும் முதலில் கேட்டுவிட்டு. அப்புறம், எனக்கு வருவதெல்லாம் தையலும் சாப்பாடும் பஸ்ஸும் வீட்டுக் கதையும். ஆஸ்பத்திரிக்கோ வங்கிக்கோ அக்காவோடு போய் எடுத்துச் சொல்லும் அளவுக்கு நான் இல்லை. வேறு ஊர்க்காரரோடு பேசிப் பார்த்ததும் ஒரே ஒரு கல்யாண வீட்டில்தான், பாதிதான் விளங்கியது.

பக்கத்தில் காது கேட்காதவர் யாரும் இல்லாதவர்கள் இந்திய வீடியோவில் தொடங்கலாம். ஆனால் ஒருவரைச் சந்திக்கிற அன்றைக்கே அவரிடம் இரண்டு சைகை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: ‘மெல்லச் சொல்லுங்கள்’, ‘இதை நீங்கள் எப்படிக் காட்டுவீர்கள்?’ நான் இன்றும் ஒரு நாளைக்குப் பல தடவை பாவிப்பது அந்த இரண்டையும்தான்.