மக்னீசியம் திருகு: எக்ஸ்ட்ரூஷனா, ஈகேப்பா?

எலும்பு முறிவில் பூட்டி, வேலை முடிந்ததும் உடம்பிலேயே கரைந்துபோகும் மக்னீசியம் திருகுக்குக் கம்பி எப்படித் தயாரிப்பது? ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் எக்ஸ்ட்ரூஷன், ஈகேப் (ECAP) என்ற இரண்டு உலோக வடிவமைப்பு முறைகளில் எதை எடுப்பது என்றுதான் தடுமாறுகிறார்கள்.

வேலை: எக்ஸ்ட்ரூஷன், முறுக்கு நாழியில் மாவு பிழிவதுதான், சூடான கட்டி ஒரே அழுத்தில் மெல்லிய கம்பியாகிறது. ஈகேப்பில் 'ட' போல மடங்கிய துளை வழியே கட்டியைத் தள்ளுகிறோம். குறுக்களவு மாறாது, அதனால் திரும்பத் திரும்பத் தள்ளலாம்.

செலவு: எக்ஸ்ட்ரூஷனில் நீளமாக வரும், விலை குறைவு. ஈகேப்பில் கட்டைவிரல் அளவுத் துண்டுகள், பொறுமை அதிகம்.

வலிமை: எக்ஸ்ட்ரூஷனில் படிகமணிகள் (உலோகத்துக்குள் இருக்கும் நுண்ணிய படிகங்கள்) சில மைக்ரான் அளவுக்குச் சிறுக்கும். ஈகேப் ஒரு மைக்ரானுக்கும் கீழே கொண்டுபோக முடியும். மணி சிறுத்தால் வலிமை கூடும் என்பது பொது விதி. ஆனால் ஏஇசட்31 (அலுமினியமும் துத்தநாகமும் சேர்ந்த மக்னீசியம்) போன்ற கலவைகளில் ஈகேப் படிகங்களைச் சாய்த்துவிடுவதால், நெகிழ்வு கூடி, விளைவு வலிமை (உலோகம் நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் அழுத்தம்) குறைவதும் உண்டு!

அரிப்பு: இங்கேதான் சிக்கல். ஒரு கிராம் மக்னீசியம் கரைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் ஹைட்ரஜன் வரும். ஆகவே மெதுவாக, சீராகக் கரைய வேண்டும். ஈகேப் இரண்டாம் கட்டத் துகள்களை (கலவைக்குள் வேறு சேர்மமாகத் தனித்து நிற்கும் துகள்கள்) உடைத்துப் பரப்பினால் குழி அரிப்பு (அங்கங்கே குழியாக அரிப்பது) குறையலாம். அதே துகள்கள் சுற்றியுள்ள மக்னீசியத்தோடு சேர்ந்து குட்டி பேட்டரிகள் போன்ற நுண்மின்கலங்களாகி அரிப்பை வேகப்படுத்தவும் செய்யும். இரும்பு, நிக்கல் மாசு இருந்தால் எந்த முறையும் காப்பாற்றாது.

திருகு, கம்பி என்று பெருமளவில் உற்பத்தி செய்ய எக்ஸ்ட்ரூஷன் போதும். மிகச் சிறிய, வளைந்துகொடுக்க வேண்டிய பாகத்துக்கு ஈகேப்பை முயலலாம், உங்கள் கலவையிலேயே அரிப்பைச் சோதித்துவிட்டு.