தேக்கடிப் படகுச் சவாரியும் 1970 ஒப்பந்தமும்

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி மலையேறித் தேக்கடிப் படகுச் சவாரிக்குப் போகிறவர்கள் காலை முதல் படகைப் பிடிப்பது நல்லது. வெயில் ஏறுவதற்குள் மிளாவும் காட்டெருமையும் கரைக்கு வந்துவிடும். ஏரி நிரம்பியபோது மூழ்கிப் பட்டுப்போன மரங்கள் நூறாண்டு கடந்தும் நீருக்கு மேல் நிற்க, அவற்றின் உச்சியில் நீர்க்காகங்கள் சிறகு விரித்துக் காய்வதை மேல்தளத்திலிருந்து அருகில் பார்க்கலாம். 2009 செப்டம்பர் 30-இல் இதே ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததை நம் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. ஆகவே, உயிர்காப்பு உடையின் வார்களைப் பணியாளர் ஒவ்வொருவருக்கும் இழுத்துப் பார்த்த பிறகே படகை எடுத்தது எனக்கு நிறைவளித்தது.

குறை ஒன்று உண்டு. இந்த ஏரியே 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாறு அணையால் உண்டானது என்பதைப் பயணம் முழுவதும் எவரும் சொல்லவில்லை. நான் அதைச் சொன்னபோது, பக்கத்து இருக்கையிலிருந்த மதுரை இளைஞர், "ஏரியில மீன்பிடி உரிமைய நாமதானே எழுதிக் குடுத்தோம், அண்ணே? அப்புறம் எதுக்கு வருத்தம்?" என்றார்.

எழுதிக் கொடுத்தது உண்மைதான். அணைக் குத்தகைக்கான 1970 துணை ஒப்பந்தத்தில் தமிழ்நாடு மீன்பிடி உரிமையைக் கேரளத்துக்கு விட்டது; ஏரி நிலத்துக்காகக் கேரளத்துக்குக் கட்டும் குத்தகை ஏக்கருக்கு 5 ரூபாயிலிருந்து 30 ரூபாயாக உயர இசைந்தது; பதிலுக்கு, மலையடிவாரத்து லோயர் கேம்ப்பில் அணை நீரிலிருந்து மின்சாரம் எடுக்கும் உரிமையை, அதற்கும் தனியே பணம் கட்டும் நிபந்தனையோடு பெற்றது. ஒப்பந்தம் செய்தவர்கள் மின்சாரத்தை விரும்பினார்கள், மீன்பிடி உரிமை போவதைப் பொறுத்துக்கொண்டார்கள். அந்தக் கையெழுத்தைக் காட்டி 'இது உங்கள் விருப்பம்தானே' என்று சொல்வது நியாயமன்று. பேரம் முடிந்த பின் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதும் நியாயமன்று. அணையில் 152 அடி நீர் தேக்க வேண்டும் என்று விரும்பும் எங்கள் விவசாயிகள், 2014-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த 142 அடியை வைத்து நாற்றுப் பாவுவதும் இதுபோலப் பொறுத்துக்கொள்வதுதான். 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைய வேண்டுமே! அதற்காக 152 அடி என்ற கோரிக்கையை அவர்கள் கைவிட்டதாக யாரும் எழுதக் கூடாது.

மூங்கில் தெப்பத்தில் மன்னான் பழங்குடியினர் வலை வீசுவதையும் கண்டேன். அந்த மீன் அவர்களுக்குச் சேர்வதில் எனக்கு எள்ளளவும் வருத்தமில்லை.

படகுத்துறையில் அணையின் வரலாற்றைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி ஒரு பலகை வைத்தால் நன்றாக இருக்கும். சொந்த வாகனத்தில் வருகிறவர்கள் அதை ஆனவச்சாலில் நிறுத்திவிட்டு வனத்துறைப் பேருந்தில்தான் துறைக்குப் போக வேண்டும். ஆகவே, முதல் படகுக்கு விடியற்காலையிலேயே புறப்பட்டுவிடுங்கள்.