வாலிட்டன்ஸா, குட்டைச் சிங்கமீனா, இலைமீனா: மூன்றடித் தொட்டிக்கு எந்தத் தேள்மீன்?

சிங்கப்பூரில், ஈசூனில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருக்கும் என் அக்கா மகன் போன மாதம் கேட்டான்: "மாமா, உப்புநீர்த் தொட்டி ஓட ஆரம்பிச்சு எட்டு மாசம் ஆச்சு. தேள்மீன் ஒண்ணு விடலாம்னு இருக்கேன். எதை வாங்கட்டும்?" அவன் மனசில் மூன்று மீன்கள் இருந்தன: கடைகளில் வாலிட்டன்ஸ் என்று விற்கும் பெரிய சிங்கமீன், ஃபஸ்ஸி ட்வார்ஃப் எனப்படும் குட்டைச் சிங்கமீன், அப்புறம் இலைத் தேள்மீன். மூன்றும் ஒரே குடும்பம். மூன்றுக்கும் முதுகு முள்ளில் விஷம் உண்டு. ஆனால் ஒரே தொட்டிக்கு மூன்றும் பொருந்தாது.

வாலிட்டன்ஸை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். அழகில் அதை மிஞ்ச ஆளில்லை, சரி. ஆனால் வளர்ந்தால் 38 சென்டிமீட்டர் வரை போகும். அதற்குக் குறைந்தது 450 லிட்டர் வேண்டும். அந்தத் தண்ணீர் மட்டுமே 460 கிலோ. கண்ணாடி, பாறை, மேசை எல்லாம் தனி. மாடி வீட்டுத் தரையில் அவ்வளவு பாரத்தை ஒரே மூலையில் ஏற்றுவதற்கு முன் வீவக விதிகளைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன் ஒரு கடையில் "குட்டை" என்று எழுதியிருந்த ஆறு சென்டிமீட்டர் குஞ்சு ஒன்றை வாங்கினேன். அது வாலிட்டன்ஸ். ஒரு வருடத்துக்குள் தொட்டியில் திரும்பவே இடமில்லாமல் தவித்தது. பெரிய தொட்டி வைத்திருந்த நண்பரிடம் கொடுத்த அன்று மனசு கனத்துப் போயிற்று. அன்று மட்டும் நெஞ்சுத் துடுப்பைச் சரியாகப் பார்த்திருந்தால் அந்த மீனுக்கு அந்தக் கஷ்டம் வந்திருக்காது. வாலிட்டன்ஸ் குஞ்சின் நெஞ்சுத் துடுப்பில் கதிர்கள் நீளமாக, ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். குட்டைச் சிங்கமீனுக்கோ அதே துடுப்பு விரித்த விசிறிபோல, விளிம்பு வரை தோலால் சேர்ந்தே இருக்கும். கடைக்காரர் என்ன பெயர் சொன்னாலும் துடுப்பைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

குட்டைச் சிங்கமீன் பதினேழு சென்டிமீட்டரோடு நின்றுவிடும். அக்கா மகனுடைய தொட்டி மூன்றடி நீளம், ஏறக்குறைய 180 லிட்டர். அது தாராளமாகப் போதும். பகலில் பாறை இடுக்கில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும், விளக்கு மங்கியதும் வேட்டைக்குக் கிளம்பும். பவளத்தைத் தொடாது. ஆனால் வாய்க்குள் நுழையக்கூடிய எதையும் விடாது. சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட துப்புரவு இறாலை ஆசையாய் வளர்க்கிறவர்கள் அதையும் இதையும் சேர்த்து வைக்கக் கூடாது. ஆண் இரண்டை ஒன்றாக விட்டால் சண்டை வரும்.

இலைத் தேள்மீன் வேறு ரகம். பத்து சென்டிமீட்டர்தான். உடம்பு பக்கவாட்டில் தட்டையாக, காய்ந்த இலை போலவே இருக்கும். நீரோட்டத்தில் இலை ஆடுவதுபோல இப்படியும் அப்படியும் அசைந்துகொண்டே இருக்கும். மஞ்சள், வெள்ளை, இளஞ்சிவப்பு, பழுப்பு, கறுப்பு என்று எந்த நிறத்திலும் வரும். இதோடு குழப்பிக்கொள்ளும் மீன் ஒன்று உண்டு: குளவிமீன். அதுவும் ஆடும். ஆனால் அதன் உடம்பு நீளவாக்கில் இருக்கும், முதுகுத் துடுப்பு கண்ணுக்கு மேலிருந்தே சேவல் கொண்டை மாதிரி எழும்.

இலைமீனிடம் என்னைக் கட்டிப்போட்டது அது தோல் உரிக்கும் விதம். சுமார் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உரிக்கும். அதற்கு முன் உடம்பெங்கும் மெல்லிய வெள்ளைப் படலம் மங்கலாகத் தெரியும். முதல் தடவை நோய் என்று நினைத்து மருந்துப் புட்டியைத் தேடினேன். பிறகு ஒரு சாயங்காலம் அது வாயை இரண்டு முறை அகலத் திறந்தது, உடம்பை ஒரு உதறு உதறியது. கண்ணாடித்தாள் போன்ற தோல் முகத்திலிருந்து பின்னோக்கி நழுவித் தண்ணீரில் மிதந்து போயிற்று. அடியில் இருந்த மஞ்சள் புதிதாய்ச் சாயம் தோய்த்ததுபோல் பளிச்சென்றிருந்தது.

ஆனால் அதற்குச் சாப்பாடு போடுவதுதான் கஷ்டம். பல இலைமீன்கள் செத்த இரையைத் தொடவே தொடாது. உயிருள்ள சின்னக் கண்ணாடி இறால் வாரம் இரண்டு மூன்று முறை வேண்டும், அதுவும் அதன் மூக்குக்கு நேரே வர வேண்டும். வேகமாகத் தின்னும் மீன் பக்கத்தில் இருந்தால் இது பட்டினிதான். தனித் தொட்டி, மெதுவான நீரோட்டம், வாரம் தவறாமல் இறால் வாங்கப் போகும் பொறுமை இருக்கிறவருக்கே இது. குட்டைச் சிங்கமீனும் முதல் சில வாரம் பிடிவாதம் பிடிக்கும். ஆனால் இறால் துண்டைக் குச்சி முனையில் குத்தி லேசாக ஆட்டிக் காட்டினால் பெரும்பாலும் பழகிவிடும். தேக்கா சந்தையில் வாங்கும் இறாலே போதும். தங்கமீனை மட்டும் போடாதீர்கள். அதில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது, அது வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும்.

சில்லர், அதாவது தண்ணீரைக் குளிர வைக்கும் கருவி, மூன்றுக்குமே தேவை. தண்ணீரை 25, 26 டிகிரியில் வைக்க நம் ஊர் வெயிலில் வேறு வழியில்லை. குழாய் நீரில் கிருமி கொல்லச் சேர்க்கும் குளோரமின் உண்டு என்பதால் ஆர்ஓ (எதிர்ச் சவ்வூடு பரவல்) முறையில் வடிகட்டிய தண்ணீரே நல்லது.

கல்மீனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது நம் தீவுகளின் கரையோரத்திலேயே இருக்கிறது, கடைத் தொட்டியிலும் எப்போதாவது வரும். செதில் இல்லாத, மருக்கள் நிறைந்த தோல், மேல் நோக்கித் திறக்கும் வாய், தலை உச்சியில் சின்னக் கண்கள், முதுகில் 13 முட்கள். இதைப் போலவே இருக்கும் போலிக் கல்மீன் மிரண்டால் நெஞ்சுத் துடுப்பைத் திருப்பி உள்பக்கத்து ஆரஞ்சு நிறத்தைக் காட்டும். சந்தேகம் இருந்தால் வாங்காதீர்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் சந்தேகமே இல்லாவிட்டாலும் வாங்காதீர்கள்.

எந்தத் தேள்மீன் குத்தினாலும் கையைச் சூடான தண்ணீரில், பொறுக்கும் அளவு, 45 டிகிரிக்கு மேல் போகாமல், 30 முதல் 90 நிமிடம் வைக்க வேண்டும். விஷம் புரதம், சூட்டில் சிதையும். குத்துப்பட்ட கைக்குச் சூடு சரியாகத் தெரியாது, அதனால் மற்றக் கையால் தொட்டுப் பாருங்கள். வலி குறைந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் உடனே 995-ல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வளர்க்க முடியாமல் போனால் கடலில் விடுவது சட்டப்படி குற்றம். கடைக்கோ வேறு வளர்ப்பவருக்கோ கொடுங்கள்.

அக்கா மகனுக்கு வேலை ஷிஃப்ட்டில். இறால் வாங்க ஓட நேரமில்லை. அதனால் குட்டைச் சிங்கமீனைத்தான் சொன்னேன். செராங்கூன் நார்த்தில் கடை கடையாக ஏறி இறங்கி, துடுப்பைப் பார்த்து, கண்முன்னே சாப்பிட வைத்துக் காட்டச் சொல்லி வாங்கினோம். மூன்று வாரம் ஆகிறது. நேற்றிரவு போனில் கூப்பிட்டான். குச்சியை எடுத்ததுமே பாறைக்கு அடியிலிருந்து விசிறியை விரித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டதாம்.