நெஞ்சு நீர், வயிற்று நீர்: ஸ்மியர் போதுமா, செல் பிளாக் வேண்டுமா?

நுரையீரலைச் சுற்றியோ வயிற்றிலோ நீர் கோத்தால் ஊசியால் எடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். அதில் புற்றுநோய்ச் செல் இருக்கிறதா என்று பார்க்க ஸ்மியர், செல் பிளாக் என இரண்டு வழி உண்டு.

ஸ்மியர் எளிது. நீரைச் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, அடியில் தங்குவதைக் கண்ணாடியில் தடவுகிறோம். ஒரு ஸ்லைடு காயுமுன் 95 சதவீத ஆல்கஹாலுக்குப் போகும். பேப் ஸ்டெயின் என்ற சாயத்தில் உட்கரு துல்லியமாகத் தெரியும். இன்னொன்றைக் காயவிட்டு ஜீம்சா சாயம் போடுவோம். செலவு குறைவு, அன்றைக்கே ரிசல்ட்.

சிக்கல் மீசோதீலியல் செல்களிடம்தான். உள்ளுறையை மூடியிருக்கும் இந்தச் சாதுவான செல்கள், கல்லீரல் சுருங்கியவர்களின் வயிற்று நீரில் ஊறிக் கிடந்தால் உருவமே மாறிவிடும். பெருக்கும், இரட்டை உட்கரு காட்டும், பிரியவும் செய்யும். செல் பிரிவதைப் பார்த்ததும் கேன்சர் என்று எழுதக் கை துறுதுறுக்கும். அது மட்டும் ஆதாரமாகாது. இரு செல்களுக்கு நடுவே மெல்லிய இடைவெளி, ஓரம் வெளிறி நடுவில் அடர்ந்த சைட்டோபிளாசம், சின்னதிலிருந்து பெரியது வரை படிப்படியான தொடர்ச்சி இருந்தால் மீசோதீலியல் பக்கம் சாயலாம். அடினோகார்சினோமா (சுரப்பித் திசுப் புற்று) செல்களோ சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதியில் நுழைந்த வெளியூர்க் கும்பல் மாதிரி தனியே தெரியும். கூட்டத்தின் வெளி ஓரம் வழவழப்பாக இருக்கும். சிலவற்றில் சளிக் குமிழ் உட்கருவை ஓரம் தள்ளியிருக்கும். காசநோய் நீரில் இந்தக் குழப்பம் குறைவு; லிம்போசைட் என்ற வெள்ளணுதான் மண்டிக் கிடக்கும்.

இப்படிப் பார்த்தும் தீராதபோதுதான் செல் பிளாக். வண்டலை உறையவைத்து, ஃபார்மலினில் ஊறப்போட்டு, பயாப்ஸி போலவே மெழுகில் பதித்து வெட்டுவார்கள். ஓரிரு நாள் கூடுதலாகும், செலவும் ஏறும். ஆனால் ஒரே மெழுகுக் கட்டியிலிருந்து எத்தனையோ துண்டு வெட்டி, மார்க்கர் எனப்படும் அடையாளப் புரதங்களைக் காட்டும் இம்யூனோ ஸ்டெயின் போடலாம். கால்ரெட்டினின் பிடித்தால் மீசோதீலியல், கிளாடின்-4 பிடித்தால் கார்சினோமா (அடினோகார்சினோமா போன்ற புற்று). முதலில் இந்த இரண்டும் போதும் என்பேன். எடுத்த எடுப்பில் பத்து மார்க்கர் எழுதுவது நோயாளியின் பர்ஸுக்குத்தான் கேடு. கார்சினோமா என்றானபின் நுரையீரலுக்கு டிடிஎஃப்-1, சினைப்பைக்கு பேக்ஸ்-8 என்று மூலத்தைத் தேடலாம். டபிள்யூடி-1 என்ற மார்க்கர் மீது மட்டும் சாய்ந்துவிடக் கூடாது. மீசோதீலியலிலும் பிடிக்கும், சினைப்பைப் புற்றிலும் பிடிக்கும். கால்ரெட்டினினுக்கும் ஒரு குறை உண்டு. மீசோதீலியல் செல்லிலேயே வரும் புற்றான மீசோதீலியோமாவிலும் அது பிடிக்கும். அந்த அபூர்வச் சந்தேகம் வந்தால் பாப்-1 என்ற புரதத்தின் இழப்பைப் பார்க்க வேண்டும்.

என் ஓட்டு: முதலில் ஸ்மியர். தெளிவாக இருந்தால் அங்கேயே முடிக்கலாம். ஆனால் மீதி நீரைக் கொட்டாதீர்கள். சந்தேகம் என்று ரிப்போர்ட் எழுதி மறுபடி ஊசி குத்தச் சொல்வதைவிட, அந்த மீதியில் செல் பிளாக் போடுவது மேல்.

அதற்கு நீர் போதுமான அளவு வர வேண்டும். சிரிஞ்சில் 5 மில்லி வந்தால் பாதி வேலைதான் நடக்கும். 50 மில்லிக்கு மேல் அனுப்புங்கள். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் வர வேண்டிய சாம்பிள் மறுநாள்தான் கிளம்பும் என்றால் ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் அல்ல. கெட்டுவிடுமே என்று ஃபார்மலின் ஊற்றினால் ஸ்மியர் ஸ்டெயின் சரியாக ஏறாது. அப்புறம், நோயாளிக்கு முன்பே ஏதாவது கேன்சர் வந்திருந்தால் ஃபாரத்தில் எழுதிவிடுங்கள். எந்த மார்க்கரில் தொடங்குவது என்பதே அதைப் பொறுத்துத்தான்.