மஞ்சள் நத்தை வாங்கும் முன் ஓட்டின் பள்ளத்தைப் பாருங்கள்

மலேசியாவில், கெடா மாநிலத்தின் சுங்கைப்பட்டாணியில் ஓர் அலங்கார மீன் கடையில் போன மாதம் நான்கு மஞ்சள் நத்தைகள் வாங்கினேன். ஒன்று 6 வெள்ளி. "மிஸ்டரி நத்தைதான் அண்ணே. பாசியைத் தின்னும், செடியைத் தொடாது" என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார்.

முதல் இரண்டு நாள் வேடிக்கையாகத்தான் இருந்தது. நீர்மட்டம் வரை ஏறி, மூச்சுக்குழலை வெளியே நீட்டி, உடம்பை முன்னும் பின்னும் அசைத்துக் காற்றை உறிஞ்சும். செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு. மகள் தொட்டி முன் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் வாலிஸ்னேரியா நீர்ச்செடியில் அடிக்கட்டைதான் மிச்சம். கத்தரித்த இலைகள் மேலே மிதந்தன. வாரக் கடைசியில் தொட்டி மூடியின் உள்பக்கத்தில், கண்ணைப் பறிக்கும் ரோஜா நிறத்தில் ஒரு முட்டைக் கொத்து.

அப்போதுதான் நத்தை ஓட்டின் அமைப்பை உற்றுப் பார்த்தேன். மிஸ்டரி நத்தையின் சுற்றுகள் சேருமிடம் தோள்போல் தட்டையாக இருக்கும். முட்டையும் வெளிறிய நிறம்தான். என்னிடம் இருந்தவற்றில் அந்த இடத்தில் ஆழமான பள்ளம் ஓடியது. பொமேசியா கனாலிகுலாட்டா என்ற வேறு இனம். நம் விவசாயிகள் மலாயில் 'சிப்புட் கோண்டாங் எமாஸ்' என்று திட்டுகிறார்களே, அதேதான். மஞ்சள் நிறம் இரண்டிலும் வரும், அதை நம்பாதீர்கள்.

திரும்பப் போய்க் கேட்டேன். பணம் தர மாட்டாராம். "வேண்டாமென்றால் சாக்கடையில் போடுங்கள், செத்துவிடும்" என்றார். நெல் விளையும் கெடாவில் இருந்துகொண்டு சொல்லும் பேச்சா இது? தென் அமெரிக்காவிலிருந்து 1980 வாக்கில் உணவுக்கென்று தைவானுக்குக் கொண்டுவந்த பிராணி. விலை போகாமல் தப்பி, ஆசியா முழுக்க இளம் நாற்றைத் தின்றுகொண்டிருக்கிறது. வயல் காய்ந்தால் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு சேற்றுக்குள் மாதக்கணக்கில் கிடக்கும். ஸ்பெயினின் எப்ரோ ஆற்று நெல்வயல்களில் இந்தப் பேரினத்து நத்தையால் அடிபட்ட பிறகு, 2012இல் ஐரோப்பிய ஒன்றியம் பேரினம் மொத்தத்துக்கும் தடை போட்டது.

ஏமாந்தவர்கள் தயவுசெய்து ஆற்றிலோ வாய்க்காலிலோ விடாதீர்கள். முட்டையில் நரம்பைத் தாக்கும் நஞ்சு இருப்பதால் கையுறை போட்டுச் சுரண்டி நசுக்கினேன். விட்டால் இரண்டு வாரத்தில் பொரிந்துவிடும். நத்தைகளைப் பையில் கட்டி உறைபெட்டியில் வைத்துக் கொன்றேன். மீன் வைக்கும் இடத்தில் இதுவா என்று மனைவி இரண்டு நாள் பேசவில்லை. மனிதருக்கும் தொற்றும் ஒட்டுண்ணியான எலி நுரையீரல் புழுவைச் சுமக்கக்கூடிய நத்தை என்பதால் தொட்டவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

நேற்று அந்தப் பக்கம் போனேன். தொட்டியில் அதே அட்டை தொங்குகிறது: 'மிஸ்டரி, 6 வெள்ளி'.