கதவு நிலையைச் சுற்றி மீண்டும் மீண்டும் வரும் விரிசல்: இரண்டு பழுதுபார்ப்பு வேலைகளின் மதிப்பீடு

கோவில்பட்டியில் உள்ள எங்கள் வீட்டின் முன்னறைக் கதவு நிலையைச் சுற்றி ஆண்டுதோறும் தோன்றிய விரிசலை, முதலில் ஒரு பெயின்டிங் சேவை நிறுவனத்தாரும் பின்னர் எங்கள் பகுதிக் கொத்தனார் ஒருவரும் சரிசெய்தார்கள். முதல் வேலை ஒரு கோடையைக்கூடத் தாங்கவில்லை. இரண்டாவது வேலை வெயிலையும் அடைமழையையும் கடந்து அப்படியே நிற்கிறது. பட்டி பூசினால் போதும் என்று நம்பிப் பலர் பணத்தைச் செலவழிப்பதால், இந்த வேறுபாட்டின் காரணத்தை விரிவாகவே எழுதுகிறேன்.

நிறுவனத்தாரின் ஒழுங்கில் குறை சொல்ல எதுவுமில்லை. சொன்ன நேரத்திற்கு வந்தார்கள், தரையில் பிளாஸ்டிக் விரித்தார்கள், விரிசலை மேலாகச் சுரண்டி ஒயிட் சிமென்ட் பட்டியை அடைத்து, உப்புத்தாள் தேய்த்து, பிரைமரும் பெயின்டும் அடித்துவிட்டுச் சென்றார்கள். ஆனால் பட்டி என்பது சுவரை வழவழப்பாக்க மெல்லியதாக இழுக்கும் பூச்சு. காய்ந்தபின் கல்லாகிவிடும், கொஞ்சமும் நீளாது. நிலையின் மரமோ வெயில் காலத்தில் ஈரம் இழந்து சுருங்குகிறது, ஐப்பசி மழையில் ஈரத்தை உறிஞ்சி உப்புகிறது. பக்கத்தில் இருக்கும் செங்கல்லும் சிமென்ட் பூச்சும் அந்த அளவுக்கு அசைவதில்லை. அசையும் பொருளும் அசையாத பொருளும் சந்திக்கும் கோட்டில் இறுகிப்போகும் எதை அடைத்தாலும் அது அதே கோட்டில்தான் பிளக்கும். விரிசல் திரும்பியதும் கூப்பிட்டபோது, பெயின்ட் உரிந்தால்தான் உத்தரவாதம், சுவர் அசைவால் வரும் விரிசலுக்கு இல்லை என்றார்கள். வேலையைத் தொடங்கும் முன்பே அதைச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கொத்தனார் முதலில் எதையும் பூசவில்லை. கதவைப் பலமாகச் சாத்தச் சொல்லிவிட்டு நிலையின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பூட்டுப் பக்கத்தில் மரம் அதிர்ந்தது. பூச்சு இழுக்கும் கரணையின் பிடியால் தட்டிக்கொண்டே வந்தபோது ஓரிடத்தில் பூச்சு 'டொக்' என்று வெற்றொலி கொடுத்தது. அங்கே கொத்தித் திறந்ததும், நிலையைச் சுவரோடு பிணைக்கும் இரும்புக் கிளாம்ப் உதிர்ந்த கலவைக்குள் ஆடிக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தோம். வழக்கமாக ஒரு பக்கத்துக்கு மூன்று கிளாம்ப் வைப்பார்கள். அவற்றில் ஒன்று தளர்ந்தாலும், கதவு சாத்தப்படும்போதெல்லாம் அந்த அதிர்வு பூச்சின் மேல் விழும். ஆடிய கிளாம்பைச் சுற்றிச் சிறு ஜல்லிக் கலவையை இறுக அடைத்து இறுகவிட்ட பிறகே அவர் அடுத்த வேலைக்குப் போனார்.

நிலையின் மேல் மூலையிலிருந்து சாய்வாக ஏறிய விரிசலை அவர் தனியாகக் கையாண்டார். நிலைக்கு மேலே சுவரின் எடையைத் தாங்கும் லிண்டல் இருபுறமும் சுவருக்குள் குறைந்தது 6 அங்குலம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதால், முதலில் அதைச் சோதித்துத் திருப்தி அடைந்தார். பிறகு விரிசலை 'வி' வடிவில் அகலமாக வெட்டி, தூசியைப் பிரஷ்ஷால் துடைத்து, நனைத்து, பிடிப்பைக் கூட்டும் லேடெக்ஸ் திரவம் கலந்த சிமென்ட் கலவையை நிரப்பினார். அதன் மேல் ஃபைபர் மெஷ் என்னும் இழை வலையைப் பதித்துப் பூசி, 7 நாள் தண்ணீர் தெளிக்கும் பொறுப்பை எங்களிடம் விட்டார்.

எனக்கு மிகவும் பிடித்தது மரமும் சுவரும் சேரும் இடத்தை அவர் முடித்த விதம். பூச்சை மரத்தில் முட்டவிடாமல் கரணை முனையால் ஒரு காடி (பள்ளக் கோடு) இழுத்துவிட்டு, அது நன்றாகக் காய்ந்தபின், இறுகாமல் நெகிழ்ந்து கொடுக்கும் அக்ரிலிக் சீலன்ட்டை நிரப்பினார். சிலிக்கான் வேண்டாம், அதன் மேல் பெயின்ட் ஒட்டாது என்று கடைக்குப் போகும்போதே எச்சரித்திருந்தார். கடைசியாக அந்த இணைப்பை மறைக்க பீடிங் என்னும் மெல்லிய மரப்பட்டையை அடித்தபோது ஆணிகளை நிலையில் மட்டுமே இறக்கினார், சுவரில் ஒன்றுகூட இல்லை. மரம் அசைந்தால் பீடிங்கும் அதனுடன் நகரும், பூச்சைப் பிடித்து இழுக்காது.

குறைகளும் உண்டு. கொத்தியபோது கிளம்பிய தூசி சமையலறை வரை படிந்தது. எழுத்தில் மதிப்பீடு தரமாட்டார். நாள் கூலிக்கணக்குத்தான், பொருள்களையும் நாமே வாங்கித் தர வேண்டும். ஒட்டுப்போட்ட இடத்தின் பெயின்ட் நிறம் பழைய நிறத்தோடு சேராததால் முழுச் சுவருக்கும் அடிக்க வேண்டியதாயிற்று. இத்தனைக்குப் பிறகும் அவரைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. பின்னறை விரிசலை அவர் ஏற்க மறுத்துவிட்டார். அது சுவரின் இரு பக்கமும் தெரிகிறது, மேலே அகன்று கீழே குறுகுகிறது, கதவும் இடிக்கிறது. கரிசல் மண் காய்ந்து சுருங்கும்போது அஸ்திவாரம் இறங்குவதால்கூட இப்படி ஆகலாம், பொறியாளரைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றார். விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைக் கலவையால் ஒட்டித் தேதியும் எழுதிவைத்தார். அது உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள். வருமானத்தை விட்டுவிட்டு உண்மையைச் சொல்பவரிடம் வீட்டை நம்பி ஒப்படைக்கலாம்.

இந்த வேலைக்குப் பங்குனி, சித்திரையே ஏற்ற காலம். மரம் முழுதும் சுருங்கி இடைவெளி நன்றாக விரிந்திருக்கும் என்பதால் சீலன்ட் ஆழமாக இறங்கும். அந்த மாதங்களில் அவருக்கு வேலை நெருக்கடி இருக்கும். மாசியிலேயே சொல்லிவைப்பது நல்லது.